குக்கரில் வைத்த கடல் கல்

என் அக்காவுக்குக் கொதிக்காத எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பயன்பட்ட கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் வந்து குவிகிற அறை ஒன்று உண்டு. அவற்றைத் தேய்த்துக் கழுவி, துணியில் பொதிந்து, ஆவிப் பெட்டிக்குள் வைத்துக் கிருமி நீக்கி அனுப்புவது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பே அதில் சேர்ந்தாள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பாய்லரம்மா. கூப்பிட்டால் முறைப்பாள், ஆனால் உள்ளூரப் பெருமைதான்.

வீட்டிலும் அதே கதைதான். புதுச் சீப்பு வாங்கினால் கொதிக்க வைப்பாள். மகளின் பொம்மைகளைக் கொதிக்க வைப்பாள். நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாள். மூடி ஒரு பக்கமும் டப்பா ஒரு பக்கமுமாகக் கோணிக்கொண்டு நின்றது. அதற்காக ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அவள் மட்டும் மாறவே இல்லை. "ஆவில வச்சா சாகாதது எதுவுமே இல்லடி" என்பாள். அப்படிச் சொன்னவளை அந்த ஆவியே கொல்லப் பார்த்தது.

அதற்கு அத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்கக் கிரீஸும் கம்பியுமாக இருட்டுக்குள் தொங்கிக் கிடப்பார். வீட்டுக்கு வந்தால் கூடத்தில் இருக்கும் உப்புத் தண்ணீர் மீன் தொட்டிக்கு முன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர்கள் மாடியில், நான் கீழ்வீட்டில். எதையாவது கேட்க மேலே போனால் முதலில் தெரிவது அவர் முதுகுதான்.

அந்தத் தொட்டிக்குள் அடுக்கியிருப்பது கடலிலிருந்து எடுத்த கற்கள். வெறும் கல் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் ஓட்டைகளில் புழு, நண்டு, நத்தை, இன்னும் பெயர் தெரியாத என்னென்னவோ ஒளிந்துகொண்டு கூடவே வந்துவிடும். வாங்கியது ஒரு கல், வந்து இறங்குவது ஒரு கூட்டுக் குடும்பம். அத்தான் அவற்றை வித்தவுட் என்பார். டிக்கெட் எடுக்காமல் ஏறி வந்தவர்கள்.

வித்தவுட் எது அகப்பட்டாலும் ஆள் யாரென்று தெரியாமல் கொல்லக் கூடாது, விடவும் கூடாது என்பது அவர் சட்டம். தனி வாளியில் போட்டு, டார்ச் அடித்து, பூதக்கண்ணாடியை வைத்துக் காலை எண்ணிக்கொண்டிருப்பார். மீன் வளர்ப்பவர்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். யாராவது படம் போட்டு இது என்ன என்று கேட்டால், டீ ஆறினாலும் பரவாயில்லை என்று பதில் போட்டுவிட்டுத்தான் நிமிர்வார். இந்த நண்டு காலில் மயிர் இருக்கிறது, மீனைத் தின்னும், எடுத்துவிடுங்கள். அது நல்ல புழு, அழுக்கைத் தின்னும், இருக்கட்டும். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். குழுவில் அவருக்கு இன்ஸ்பெக்டர் என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். பாவம், அந்த மனிதருக்கு வேறு யாரும் எங்கேயும் பட்டம் கொடுத்ததில்லை. அதனால் தெரியாது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வருவது நின்றுபோயிற்று.

கடைசியாக வாங்கிய கல் தேங்காய் அளவு இருக்கும். தொட்டிக்குள் போட்ட சில நாளில் அதன் மேல் பழுப்பு நிறத்தில், சட்டைப் பொத்தான் மாதிரி வட்ட வட்டமாக ஏதோ விரிந்தது. ஓரத்தில் மயிரிழை போல விரல்கள். தட்டினால் சுருங்கும், விட்டால் விரியும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அத்தான் படம் போட்டு, இது பவள இனத்தில் சாதுவான பொத்தான் வகை என்று தானே அறிவித்தும் விட்டார். குழுவில் ஒருவர், இதே ஜாடையில் பொல்லாதது ஒன்று உண்டே, நன்றாகப் பார்த்தீர்களா என்று கேட்டாராம். அதைச் சாப்பிடும்போது எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

"பாக்காமயா சொல்லுவேன்? வெறும் பூ மாதிரிதான். ஒண்ணும் செய்யாது" என்றார்.

அக்கா கேட்டுக்கொண்டே அவர் தட்டில் சோறு போட்டாள்.

வம்பு வந்தது வேறு ஒரு வித்தவுட்டால். அதே கல்லின் அடியிலிருந்து முள் மயிர் வைத்த புழு ஒன்று வெளியே வந்து நெளிந்திருக்கிறது. அக்கா மகள் கையை விட்டுத் தொட்டுவிட்டாள். விரல் முழுக்கக் கண்ணாடித் தூள் போல முள். அத்தான் ஒட்டு டேப்பை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தார். புழுவின் பெயரையும் சரியாகச் சொன்னார், இரண்டு நாளில் வீக்கம் வடியும் என்றார், வடிந்தது. ஆனால் அக்கா விடவில்லை. கல்லுக்குள் இன்னும் என்ன இருக்கிறதோ, அது சுத்தமாகாமல் வீட்டுக்குள் வரக் கூடாது என்றாள். அத்தான் கல்லை ஒரு வாளியில் போட்டுப் பால்கனியில் வைத்தார். தினமும் அங்கே போய்க் கல்லை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கும் அவரைப் பார்த்து அக்காவுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

அவளுக்கு வாரவிடுமுறை நாள் அது. அத்தான் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். அக்கா வாளியைச் சமையலறைக்குக் கொண்டுபோனாள். அவள் தொழிலில் ஒரு முறை உண்டு. முதலில் தேய்க்கவேண்டும், பிறகு கழுவவேண்டும், அப்புறம்தான் ஆவி. அழுக்கோடு ஆவியில் வைத்தது எதுவும் சுத்தமாகாது. அதன்படியே பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக் கல்லைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். பிறகு பெரிய குக்கரில் வைத்து, தண்ணீர் ஊற்றி, மூடி, வெயிட்டைப் போட்டாள். காற்றில் அடுப்பு அணையக் கூடாது என்று ஜன்னலையும் சாத்தினாள். உயிருள்ள கல்லை ஆவியில் வைத்தால் அது அதற்கப்புறம் வெறும் கல்தான் என்று யார் அவளுக்குச் சொல்வது? புருஷன் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்துத்தான் செய்தாள். அது எனக்குத் தெரியும்.

மேலே குக்கர் விசில் அடிப்பது கீழே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் யாருக்குச் சமைக்கிறாள் என்று நினைத்தேன். விசில் வந்துகொண்டே இருந்தது. அடுப்பை அணைக்க ஆளில்லாத மாதிரி. திட்டிவிட்டு வரலாம் என்று மாடியேறினேன்.

கதவு திறந்துதான் இருந்தது. சமையலறையில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, கடற்கரையில் மீன் காயப்போட்ட மாதிரி ஒரு வாடை. அக்கா தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி அவளிடமிருந்தும் சத்தம் வந்தது.

"என்னாச்சுக்கா?"

"ஒண்ணுமில்லடி. நெஞ்சு அடைக்குது. ரெண்டு விசில் போகட்டும், எடுத்துடறேன்."

அந்த நிலையிலும் அவளுக்குக் குக்கர்தான் கவலை. எனக்கு அப்போது எதுவும் தெரியாது, வாடை மட்டும் பிடிக்கவில்லை. அடுப்பை அணைத்தேன். வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியே விடக் கை நீட்டியவள், தொண்டை எரிந்ததால் விட்டுவிட்டேன். அந்த எரிச்சல் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது என்று பிறகு சொன்னார்கள். அக்காவின் கைக்கு அடியில் கையைக் கொடுத்து இழுத்தேன். என்னைவிடக் கனமானவள். படியில் இறக்குவதற்குள் எனக்கும் இருமல் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் கேஸ் கசிவு என்று நினைத்துத் தெருவையே கூட்டிவிட்டார். யாரோ ஒரு காரை நிறுத்தினார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளையை மேலே விடாதீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கத்திவிட்டு ஏறினேன்.

வண்டியில் அத்தானுக்குப் போன் போட்டேன். கிடைக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் அவருக்கு டவரே எடுக்காது. மறுபடி மறுபடி போட்டேன். அக்காவின் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் அலுவலகத்துக்குப் போட்டு, எப்படியாவது ஆளை மேலே ஏற்றி அனுப்புங்கள் என்றேன்.

அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். வாசலில் நின்ற நர்ஸ், "ஐயோ, பாய்லரம்மா" என்று ஓடி வந்தாள். ஆக்ஸிஜன் வைத்தார்கள். நெபுலைசர் மருந்தைப் புகையாக முகத்தில் பிடித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. எனக்கு உயிர் வந்தது.

டாக்டரம்மா நிதானமானவர். என்ன நடந்தது என்று கேட்டார். கல்லைக் குக்கரில் வைத்தாள் என்றேன். நான் உளறுவதாக அவர் நினைக்கவில்லை. எந்தக் கல், அதில் என்ன இருந்தது, என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு விஷம் பற்றி ஆலோசனை சொல்லும் மையத்துக்குப் போன் செய்து பேசிவிட்டு வந்தார்.

"அந்த மாதிரி கல்லுல வர்றது ரெண்டு வகை இருக்காம். ஒண்ணுன்னா பயமில்ல. ஆவி பட்ட எரிச்சல்தான், மூச்சு தேறிடுச்சுன்னா வீட்டுக்கு அனுப்பலாம். இன்னொண்ணுன்னா கொதிக்க வச்சாலும் விஷம் போகாது, ஆவியோட சேந்து உள்ள போயிருக்கும். மூச்சு சரியானாலும் அப்பறம் இதயத்தைப் பிடிக்கும். மாத்து மருந்து கிடையாது. மெஷின்ல போட்டுக் கண்ண எடுக்காமப் பாக்கணும்."

"அப்ப மெஷின்லயே போடுங்க டாக்டர்."

"தீவிர சிகிச்சைப் பிரிவுல ஒரே ஒரு படுக்கைதான் காலியா இருக்கு. விபத்துல அடிபட்ட ஒருத்தரக் கொண்டுவந்துட்டிருக்காங்க. எதுன்னு தெரிஞ்சாத்தான் நான் முடிவு பண்ண முடியும். அதப் பாத்துச் சொல்ல யாராவது இருக்காங்களா?"

எனக்கு அத்தானைத் தவிர யாரைத் தெரியும்? வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால், அந்தச் சமையலறைக்குள் இப்போது யாரும் நுழையக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கல்லும் வெந்து போயிருக்கும்.

அப்போதுதான் அத்தான் வந்தார். கையில் கிரீஸ், தலைக்கவசத்தைக் கூடக் கழற்றவில்லை. நான் சொன்னதைக் கேட்டார், டாக்டரம்மா கேட்டதைக் கேட்டார். அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்ததை நான் பார்த்தேன்.

"பயப்படாதீங்க டாக்டர். எனக்குத் தெரியும். அது சாதுவான வகை. படம்கூட இருக்கு" என்று போனைக் காட்டினார்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"இதுதான் சார்... இதுதான் மேடம் எனக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம்."

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது. வீட்டுக்கு அனுப்ப எழுதலாம், எதற்கும் கொஞ்ச நேரம் வெளியே பெஞ்சில் உட்காரட்டும் என்றார். நர்ஸ் ஆக்ஸிஜன் முகமூடியைக் கழற்ற வந்தாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அத்தான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நானும்தான் நம்பினேன்.

முகமூடி நகர்ந்ததும் அக்கா முகத்தைச் சுளித்தாள். "வாய்க்குள்ள காசப் போட்டுச் சப்பின மாதிரி இருக்குங்க. இரும்பு ருசி."

அத்தான் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த விஷம் ஏறினால் வாயில் இரும்பு ருசி வரும் என்று எங்கோ படித்திருக்கிறார் போல. போனை எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கினார். மறுபடி பெரிதாக்கினார். பொத்தான்கள் விரிந்து, மேல் பக்கம் மட்டும்தான் படத்தில் தெரிந்தது. அடிப்பக்கத்தை அவர் படம் எடுக்கவே இல்லை.

"என்ன அத்தான்?" என்றேன்.

"ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கும்மா. பொல்லாதது மணலத் தன் உடம்புக்குள்ளயே இழுத்து வச்சுக்கும். தொட்டா நறநறன்னு இருக்கும். மத்தது வழவழன்னு இருக்கும்." அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "நான் தொட்டுப் பாக்கல."

தொட்டுப் பார்க்காமலா இன்ஸ்பெக்டர் என்று இருந்தீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. ஆனால் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அக்காவைத்தான் திரும்பிப் பார்த்தோம். தொட்டது அவள். தேய்த்தது அவள்.

அத்தான் கட்டிலோரம் குனிந்தார். "தேய்க்கறப்ப எப்படி இருந்துச்சு? கல்லு இல்ல, அந்தப் பொத்தான் மட்டும். வழவழன்னு இருந்துச்சா?"

அக்காவுக்கு மறுபடி இருமல் வந்துவிட்டது. பேச முடியவில்லை. கையைத் தூக்கினாள். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து, உப்பைத் தேய்ப்பதுபோல் மெல்லத் தேய்த்துக் காட்டினாள். பிறகு இல்லை என்று தலையசைத்தாள்.

அத்தான் நிமிர்ந்தார். அந்த அறையில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் டாக்டரம்மாவிடம் போய், "நான் சொன்னது தப்பு மேடம். அது பொல்லாத வகைதான். அனுப்பாதீங்க. தயவுசெஞ்சு அனுப்பாதீங்க" என்றார்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த தாளைக் கிழித்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அக்காவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் இருமிக்கொண்டிருந்ததால் என்னையும் ஒரு படுக்கையில் போட்டார்கள். விபத்தில் அடிபட்டவரை வேறு ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பினார்களாம். அவரும் பிழைத்துவிட்டார் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அது தெரியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் அக்காவின் இதயம் தாளம் தப்பியது. திரையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கோடு கோணல்மாணலாகக் குதித்தது. மெஷின் அலறியது, நர்ஸ்கள் ஓடினார்கள், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அத்தான் இரண்டு கையையும் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு நின்றார். திரும்பத் தாளம் வந்தது. மறுபடி தப்பியது, மறுபடி வந்தது. வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அவள் பெஞ்சிலோ, காரிலோ, என் வீட்டுக் கட்டிலிலோ போயிருப்பாள். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை, டாக்டரம்மா சொன்னது.

அடுத்தடுத்த நாட்களில் அவள் தேறினாள். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி என்றாள். முகம் கழுவக் கையைத் தூக்க முடியவில்லை. தீயணைப்புக்காரர்கள் முகக்கவசமும் உடையுமாக வந்து அந்தக் குக்கரை மூடியபடியே எடுத்துப் போனார்கள். மகள் என் வீட்டில் இருந்தாள். அம்மா எப்போது வருவாள் என்று கேட்டபோதெல்லாம் சீக்கிரம் என்றேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது.

அத்தானோடு நான் பேசவில்லை. பேசினால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயம். அவரும் என் கண்ணில் படாமல்தான் திரிந்தார்.

அக்காவைச் சாதாரண வார்டுக்கு மாற்றிய அன்று நான் கஞ்சி கொண்டுபோனேன். அத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், உட்காரவில்லை. நான் கஞ்சியை ஆற்றுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தொட்டிய எடுத்துடறேன். குழுவுல ஒருத்தர்கிட்டச் சொல்லிட்டேன். நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போறார்" என்றார்.

அக்காவின் குரல் இன்னும் கரகரத்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"வேலையில நான் கிளவுஸ் இல்லாம ஒரு கத்தரியத் தொட்டிருக்கேனா?"

"இல்ல."

"மாஸ்க் போடாம அந்தக் கதவத் தாண்டியிருக்கேனா?"

"இல்ல."

"ஒவ்வொண்ணுலயும் என்ன ஒட்டியிருக்குன்னு தெரியாது. அதனாலதான் எல்லாத்தையும் போட்டுக்கறோம். நீங்க ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னீங்க. அதான் நான் வெறுங்கையால தொட்டேன். தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, போட்டுக்கிட்டிருப்பேன்."

சத்தமே போடவில்லை அவள். சண்டை போட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார். ஊரில் எதையும் நம்பாத என் அக்கா, கொதிக்கிற தண்ணீரைத் தவிர நம்பியது இந்த மனிதர் வாய் வார்த்தையைத்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவருக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

"நான் வீட்டுக்கு வந்தப்பறம் நீங்க ஒண்ணு சொன்னா, அத நம்பறதா வேண்டாமா?" என்று கேட்டாள் அக்கா.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். நம்பு என்பார் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்பார் என்றும் நினைத்தேன்.

"தெரியல" என்றார்.

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு வலிக்கிற உடம்பைப் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் நகர்த்தி, கட்டிலில் அவர் உட்கார இடம் விட்டாள்.